மூன்றாம் நம்பர் குப்பி

மார்ச் 3

மூக்கா,

பன்னிரண்டு நாளாக உனக்குப் போன் பண்ணவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இத்தனை நாள் இருந்தது இதுதான் முதல் தடவை என்று உன் மாமா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கடைசியாகப் பேசினபோது, “என் விஷயத்துல மூக்க நுழைக்காத” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். நானும் நன்றாக யோசித்துப் பார்த்தேன். உன் மூக்குதான் வேலை செய்யவில்லை. அக்கா மூக்கையாவது நுழைத்துத்தானே ஆக வேண்டும்?

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். அதனால் இனிமேல் கடிதம். உங்கள் ஊருக்கு வருகிற காலை பஸ்ஸின் டிரைவர் எனக்கு வேண்டியவர். உன் கம்பெனிக்கு எதிரில்தான் நிறுத்துவார். பதிலை அவரிடமே கொடுத்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்கள் பஸ் நிலையத்துத் தொலைந்த பொருட்கள் அறைக்கு என்னென்ன வரும் என்று உனக்குத்தான் தெரியுமே. குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை யாரோ பல் செட்டையே விட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் யாரும் கேட்டு வராததைச் சீட்டுக் குலுக்கி எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரு தோல் பைக்கு ஆலாய்ப் பறந்தார்கள். எனக்கு விழுந்தது ஒரு மரப்பெட்டி. திறந்தால் சுண்டுவிரல் உயரத்தில் பன்னிரண்டு கறுப்புக் கண்ணாடிக் குப்பிகள். லாவெண்டர், புதினா, யூகலிப்டஸ், பட்டை, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்ததில் அன்றைக்கு இரண்டு பேர் குடை கேட்டு வந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். குளிக்கிற வாளியில் புதினா எண்ணெய் பத்துச் சொட்டு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை இந்த வயதில் வந்து கற்றுக்கொண்டேன். அது அப்படியே மேலே மிதந்து, நேராக என் முதுகில் இறங்கியது. நல்ல வெயில் காலத்தில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கினேன். மறுநாள் பட்டை எண்ணெயை முழங்கையில் நேராகத் தடவினேன். தோல் சிவந்து எரிந்ததும் எங்கள் டிக்கெட் கவுன்டர்க்காரியிடம் ஓடினேன். அவள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவள். “அக்கா, இது தலைக்கு ஊத்தித் தேய்க்கிற எண்ணெய் இல்ல. ஒரு சொட்டுக்கு ஒரு ஸ்பூன் வேற எண்ணெய் கலக்கணும். குடிக்கவே கூடாது. நெருப்புப் பக்கம் வெக்கக் கூடாது” என்று திட்டித் தீர்த்தாள். பெட்டியில் இருந்த பழைய எலுமிச்சை எண்ணெயையும் தூக்கிப் போடச் சொன்னாள். அது சீக்கிரம் கெட்டுப்போகுமாம்.

இப்போது நான் தேறிவிட்டேன். மேஜையில் ஒரு பஞ்சில் லாவெண்டர் இரண்டே சொட்டு. பொருளைத் தொலைத்துவிட்டு என் மேல் பாய வருகிறவர்கள் அதனால் அடங்குகிறார்களா என்று தெரியாது. நான் அடங்குகிறேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உன் வீட்டுக்காரி ஒன்று சொன்னாள். காய்ச்சலுக்குப் பிறகு வாசனை போய்விட்டது என்று டாக்டரிடம் போனபோது, நாலு விதமான வாசனையை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொல்லி எழுதிக்கொடுத்தாராமே. நீ அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே விட்டுத் துவைக்கப் போட்டாயாமே. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலும் நான் புதிதாக வாங்கித் தருகிறேன்.

எங்கள் அலுவலகப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். மேல்பாதியை நிரப்பி அனுப்பு. கீழ்ப்பாதி “பொருளைப் பெற்றுக்கொண்டேன்” என்ற ரசீது. அதைக் கிழித்து நீயே வைத்துக்கொள். கிடைத்த அன்று கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

படிவம் நிரப்பியிருக்கிறேன். சிரிக்காதே.

பொருள்: வாசனை. தொலைந்த நாள்: ஜனவரி 19, காய்ச்சலின் நாலாம் நாள். கடைசியாகக் கண்டது: மகளின் ஈரத் தலையில் ஷாம்பூ. அடையாளம்: இருந்தவரைக்கும் கவனித்ததில்லை.

உனக்கு இது விளையாட்டு. எனக்குச் சோறு. பதினெட்டு வருஷமாக கேஸ் லைன் பார்க்கிறேன். ஆறு பேர் இருக்கிற கம்பெனியில் எனக்கு மட்டும் ஏன் மூக்கன் என்று பெயர்? ஒரு சமையலறைக்குள் நுழைந்ததும் எந்த இணைப்பில் கசிகிறது என்று நின்ற இடத்திலிருந்தே கை காட்டுவேன். டிடெக்டர் மெஷின் இரண்டுதான் இருக்கிறது. “அத மத்தவங்களுக்குக் குடுங்க, எனக்கெதுக்கு” என்று சொன்னவன் நான். இப்போது போய் எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாதா? ஏப்ரல் 15-ல் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றைத் திறக்கிறார்கள். அறுபத்து நாலு அடுப்பு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற தலைமைப் பொறுப்பு எனக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. வாயைத் திறந்தால் அது போய்விடும்.

இதுவரைக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துச் சமாளிக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. உன் டிக்கெட் கவுன்டர்க்காரியிடமும்தான்.

குப்பிகளை அனுப்பு. நம்பிக்கை இல்லை. ஆனாலும் அனுப்பு.

தம்பி

*

மார்ச் 11

மூக்கா,

இதோ நாலு குப்பி. வாய் அகலமானதாகத் தேடிப் பிடித்தேன். உள்ளே பஞ்சு. வாசனையே இல்லாத பாதாம் எண்ணெயில் நனைத்து, அதன் மேல் ஆறு ஆறு சொட்டு. ஒன்று ரோஜா, இரண்டு எலுமிச்சை, மூன்று கிராம்பு, நாலு யூகலிப்டஸ். மூடியில் நம்பர் ஒட்டியிருக்கிறேன். செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நடுவில் உன் மாமா பால் பொங்கிவிட்டது என்று ஒரு கூப்பாடு. ஓடிப்போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து மிச்சத்தை முடித்தேன். அடுப்பு மேடையே அவர் கண்ணில் படுவது பால் பொங்கும்போது மட்டும்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒவ்வொன்றையும் இருபது எண்ணும்வரை மெதுவாக முகர். ஒன்றும் தெரியாவிட்டாலும் இது ரோஜா, இது எலுமிச்சை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே முகர வேண்டுமாம். மாதக் கணக்கில் ஆகலாமாம். நீ இரண்டாம் நாளே “ஒண்ணும் வரல” என்று விட்டெறிகிற ஆள், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மூக்கு வருகிறவரைக்கும் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு போ. கையில் காயம், சோப்புத் தண்ணீர் எரிகிறது என்று எதையாவது சொல்லி வாங்கு. உனக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருக்கிற அறையில் ஒருத்தி தீக்குச்சியைக் கிழித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். சத்தியம் பண்ணு.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. வந்துவிட்டது.

மகள் எடுத்து விளையாடுவாள் என்று குப்பிகளை வேனிலேயே வைத்திருக்கிறேன். ஆட்கள் வருவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வேன். போன வாரம் லேசாகத் தொடங்கியது, இன்றைக்கு நாலுமே தெரிகிறது. ரோஜா மெலிசுதான். எலுமிச்சை பரவாயில்லை. யூகலிப்டஸ் நெற்றி வரைக்கும் ஏறுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே மூன்றாம் நம்பர்தான். மூடியைத் திறந்ததும் கிராம்பு ஆளைத் தூக்குகிறது. சின்ன வயதில் பல்வலி என்று அழுதால் பஞ்சில் வைத்துக் கடிக்கச் சொல்வாயே, அதே காரம், அதே நெடி.

நீ சொன்னபடி வாங்கின மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதிக்கு நான் தயார். இனி நீ நிம்மதியாக இரு.

தம்பி

*

ஏப்ரல் 4

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் டெப்போ மேனேஜர் அறையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். எதையோ திருடன் எடுத்துவிட்டான் என்று நினைத்தாராம். தொலைந்த பொருள் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். காலை பஸ் டிரைவர் இரண்டு எடுத்துக்கொண்டார், உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்த கூலியாம்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். அது தொலைந்திருந்தபோது. கிடைத்த பிறகு சொன்னால் என்ன? டிக்கெட் கவுன்டர்க்காரியின் மாமனாருக்கும் இதே மாதிரி ஒரு வருஷமாக வாசனை இல்லையாம். அவருக்கும் ஒரு செட் செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பார், உன் அக்கா இப்போது பெரிய வைத்தியர்.

ரசீதை மறந்துவிட்டாய். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 9

தம்பி,

நேற்று அந்த மாமனாருக்கு செட் செய்ய உட்கார்ந்தேன். ரோஜாவை எடுத்தேன், கொஞ்சம் குறைந்திருந்தது. எலுமிச்சையும் குறைந்திருந்தது. யூகலிப்டஸும் அப்படியே. கிராம்பு எண்ணெயை எடுத்து மூடியைத் திருகினேன். திறக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடையில் வாங்கும்போது மூடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, முதல் தடவை திறக்கும்போது அறுந்து வருமே, அது அறுபடாமல் அப்படியே இருக்கிறது.

அன்றைக்குப் பால் பொங்கினபோது நான் மூன்றாம் நம்பரில்தான் இருந்திருக்கிறேன். பாதாம் எண்ணெயில் பஞ்சை நனைத்ததோடு எழுந்து ஓடினேன். திரும்பி வந்து நாலாவதைச் செய்தேன். நீ முகர்ந்த மூன்றாம் நம்பரில் ஒன்றுமே இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உன்னுடையது ஏழு நாள்தான் தாங்கியது.

என் தப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். வெறும் பஞ்சை அனுப்பிவிட்டு அதை முகர் என்று பாடம் நடத்தினேன். ஆனால் நீ? ஆளைத் தூக்குகிறது என்றாயே. பல்வலி, காரம், நெடி என்று ஜோடித்தாயே. அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன், தெரியுமா? இப்போது அதே வரிக்காக இன்னொரு தடவை அழுகிறேன்.

அறுபத்து நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உன் மகள் மாதிரி யாரோ ஒருத்தி இருப்பாள். இன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல். பதினான்காம் தேதிக்குள் நீ சொன்னதாக எனக்குத் தகவல் வராவிட்டால், நான் அதே காலை பஸ்ஸில் ஏறி வந்து அவர் மேஜைக்கு முன்னால் நிற்பேன். நிற்பேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்.

நீ ரசீதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்கா,

நன்றாக மூக்குடைபட்டேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். யூகலிப்டஸ் மட்டும் மூக்குக்குள் சில்லென்று இருந்தது. அதுவும் வாசனை இல்லை, சும்மா ஒரு குளிர்ச்சி. அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நானே கட்டினேன். மார்ச் கடைசியில் ஒரு ரொட்டிக் கடையில், மெஷினை வேனிலேயே வைத்துவிட்டு உள்ளே போய், கடைக்காரர் எதிரில் கெத்தாக நின்று, “எல்லாம் சரியா இருக்கு” என்றேன். பழக்க தோஷம். பின்னால் வந்த எங்கள் பைப் ஆள் சந்தேகப்பட்டு ஓர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அந்த இணைப்பை இறுக்கினேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பயத்தில்தான் உனக்கு அப்படி எழுதினேன். எழுதினால் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை.

நேற்றுக் காலை சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், ரொட்டிக் கடையையும் சேர்த்து. திட்டுவார் என்று நின்றேன். ஆனால் அவர் சொன்னார்: “ஆறு பேருக்கு ரெண்டு மெஷின வெச்சுக்கிட்டு, உன் மூக்க நம்பி நானும் ஓட்டிட்டேன். தப்பு எனக்கும்தான் இருக்கு.” இன்னும் நாலு மெஷின் வாங்கச் சொல்லிவிட்டார். ரொட்டிக் கடைக்கும், ஜனவரியிலிருந்து நான் பார்த்த இடங்களுக்கும் திரும்ப ஆள் அனுப்பியிருக்கிறார். வேலை போகவில்லை. எட்டு மாடிக் கட்டிடத்தின் தலைமைப் பொறுப்பு மட்டும் போய்விட்டது. நான் அங்கே பைப் மாட்டப் போகிறேன்.

வலிக்கிறது அக்கா. ஆனால் ராத்திரி தூங்கினேன். ஜனவரிக்குப் பிறகு நேற்றுத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இப்போது கம்பெனியில் எல்லோரும் என்னை மூக்கன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. நீயாவது கூப்பிடு.

தம்பி

*

ஏப்ரல் 15

மூக்கா, மூக்கா, மூக்கா,

போதுமா?

கிராம்பு போட்ட மூன்றாம் நம்பர் இதோ. டிக்கெட் கவுன்டர்க்காரி, காலை பஸ் டிரைவர், உன் மாமா ஆகிய மூவர் முன்னிலையில் ஆறு சொட்டு விட்டேன். மூன்று பேரும் முகர்ந்து பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மூடிக்குள் பார். உன் மாமா மூன்று தடவை தும்மினார்.

இனி பழைய கதை வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி வை. தினமும் காலை, மாலை. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் வரவில்லை என்று எழுது. எனக்கு நல்ல செய்தி வேண்டாம், உண்மையான செய்தி போதும்.

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

நோட்டில் அறுபத்தைந்து நாள் “இல்லை” என்று எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் வந்து எண்ணிக்கொள்.

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது தெரியுமா? காபியை வாய்க்குக் கொண்டுபோனேன், எரிந்த டயர் நாற்றம். என் வீட்டுக்காரியிடம் கத்தினேன். அவள் குடித்துப் பார்த்துவிட்டு “நல்லாத்தான இருக்கு” என்றாள். மகளின் சோப்பு மண்ணெண்ணெய் மாதிரி வருகிறது. எலுமிச்சைக் குப்பியைத் திறந்தால் பழைய துணி. உன் வைத்தியம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். வாசனை இல்லாமல் இருந்தபோதாவது நிம்மதியாகக் காபி குடித்தேன். நாலு குப்பியையும் தூக்கி எறியலாம் என்று இருக்கிறேன்.

தம்பி

*

ஜூன் 21

டேய்,

எறிந்தால் கையை உடைப்பேன்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே புரியவில்லையா? டயர் நாறுகிறது என்றால் மூக்கு எழுந்துவிட்டது என்று அர்த்தம். நீ சொல்லிச் சொல்லி ஜோடித்த கிராம்பை நான் நம்பினேன், ஏமாந்தேன். இந்த டயரை நீ ஜோடித்திருக்க முடியாது. இவ்வளவு கேவலமான ஒன்றை எவனும் பொய்யாகச் சொல்ல மாட்டான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு நானும் டிக்கெட் கவுன்டர்க்காரியும் ஆடினோம். வெளியே ஒருவர் டிபன் டப்பாவைத் தேடிக்கொண்டு கதவைத் தட்டுகிறார், நாங்கள் உள்ளே ஆடுகிறோம்.

உன் வீட்டுக்காரியை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். “கோணலா வந்தாலும் வருதுல்ல, விடாம செய்யச் சொல்லுங்க” என்றாராம். செய். டயர் நாற்றத்தோடு செய்.

அக்கா

*

ஆகஸ்ட் 25

மூக்கா,

நோட்டில் “கொஞ்சம்”, “பாதி”, “கிராம்பு நிச்சயம்” என்று எழுத ஆரம்பித்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். சந்தோஷம். ஆனால் சூடு கண்ட பூனை நான். ஒரு பரீட்சை வைக்கிறேன்.

புதிதாக நாலு குப்பி. அதே வரிசை. ஆனால் இதில் ஒன்று வெறும் பாதாம் எண்ணெய். எது என்று நீ சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் கொடுத்து முகரச் சொல்லாதே. இந்தக் கடிதத்தின் அடியில் ஒரு சீட்டை மடித்து ஒட்டியிருக்கிறேன். பதிலை எழுதின பிறகு பிரி.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அக்கா,

ஐந்து நாளாக வேனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்கிறேன். கம்பெனியில் நான் தியானம் பண்ணுகிறேன் என்று பேசிக்கொள்கிறார்கள்.

கிராம்பு முதல் நாளே தெரிந்தது. நீ பஞ்சில் வைத்துக் கொடுப்பாயே, அதேதான், இந்தத் தடவை நிஜமாக. யூகலிப்டஸ் அன்றைக்கே. எலுமிச்சை மூன்றாம் நாள், பழைய துணி போய் எலுமிச்சையாகவே வந்தது. அப்படியானால் வெறும் குப்பி ஒன்றாம் நம்பர் ரோஜாதான் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது.

ஆனால் பேனாவை எடுத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூக்கைக் கேட்காமல் கணக்கை வைத்து எழுதினால் அது ஏப்ரலில் எழுதின கடிதம் மாதிரிதானே? இன்றைக்குக் காலையில் இன்னொரு தடவை ஒன்றாம் நம்பரைத் திறந்தேன். இருபது எண்ணினேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இருபது எண்ணினேன். மெலிசாக, ரொம்ப மெலிசாக, ரோஜா. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன், இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத் திறந்தேன், இருந்தது.

ஒன்று வெறும் எண்ணெய் என்று அக்கா எழுதியிருக்கிறாள். நாலிலும் இருக்கிறது என்று மூக்கு சொல்கிறது. யாரை நம்புவது? என் பதில் இதுதான்: வெறும் குப்பி எதுவும் இல்லை. நாலிலும் வாசனை இருக்கிறது. இந்தத் தடவை பொய் சொன்னது நீ.

இப்போது உன் சீட்டைப் பிரிக்கிறேன்.

*

“பொய் சொன்னது நான்தான், நாலிலும் வாசனை இருக்கிறது. வெறும் குப்பியை ஒரு தடவை அனுப்பினதே போதும். இன்னொரு தடவை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை” என்று எழுதியிருக்கிறாய்.

வேனுக்குள் நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். “அப்ப அடுத்த பில்டிங் உனக்குத்தான்டா, மூக்கா” என்றார். மெஷினோடுதான் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு அந்தக் காலை பஸ் உன்னிடம் திரும்பி வந்து சேருகிற நேரத்துக்குப் போன் பண்ணுகிறேன். நான் கத்துவேன், நீயும் கத்து. ரசீதைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

பொருள்: வாசனை
நிலை: கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, காபி இன்னும் சரியாகவில்லை
பொருளைப் பெற்றுக்கொண்டேன்
கையெழுத்து: மூக்கன்